கம்பியிலும் பாசிமணியிலும் நகை செய்பவர் யாருடைய படைப்புகளைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: செம்புக்கம்பி

வணக்கம். செம்புக் கம்பியையும் கண்ணாடிப் பாசிமணியையும் கொண்டு தோடும் பதக்கமும் செய்து வருகிறேன். மணியைக் கம்பியால் சுற்றிக் கட்டுவதில் கை நன்றாகவே பழகிவிட்டது. ஆனாலும் என் வடிவங்கள் எங்கும் காணக்கிடைக்கும் மாதிரிகளையே ஒத்திருக்கின்றன. விற்பனைப் பட்டியல்களைப் புரட்டுவதை விட்டுவிட்டு, இவ்விரு பொருள்களோடும் நெடுங்காலம் உழைத்த கலைஞர்களிடமிருந்து கற்க விரும்புகிறேன். யாரிடம் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: குறடும் சுத்தியும்

அலெக்சாண்டர் கால்டரிடமிருந்து தொடங்குங்கள். அந்தரத்தில் தொங்கி அசையும் சிற்பங்களால் பெயர்பெற்ற இந்த அமெரிக்கர் (1898–1976), ஏறத்தாழ 1,800 நகைகளையும் தம் கையால் செய்திருக்கிறார். பித்தளைக் கம்பியையும் வெள்ளிக் கம்பியையும் சுத்தியால் தட்டித் தட்டையாக்கிச் சுருள் சுருளாக வளைத்ததே அவற்றில் பெரும்பகுதி. பற்றாசு (உருக்கி ஒட்டும் உலோகம்) வைத்து ஊதுவதை அவர் பெரும்பாலும் தவிர்த்தார். ஒரு கம்பியை இன்னொன்றின் மேல் சுற்றியும், கொக்கியாக மடக்கி மாட்டியும், ரிவெட் (தறையாணி) அடித்தும் இணைத்தார். உடைந்த கண்ணாடித் துண்டுகளைக்கூடக் கம்பியால் கட்டி நகையாக்கியிருக்கிறார்.

அவருடைய நகைகளின் படங்களில் இணைப்புகளை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். நாம் மணிக்குப் பின்னால் மறைக்கப் பாடுபடும் அந்தச் சுற்றுகளை அவர் வெளிப்படையாக முன்னால் வைக்கிறார். சுத்தியின் தழும்புகளையும் அப்படியே விட்டுவிடுகிறார். தட்டத் தட்டக் கம்பி விறைப்பேறுவதால், சுருள் தன் வடிவைத் தானே தாங்கிக்கொள்கிறது. செம்பிலும் இதை எளிதாகச் செய்யலாம். அளவுமீறித் தட்டினால் கம்பி வெடிக்கும் என்பதால், இடையிடையே நெருப்பில் காய்ச்சிக்கொள்ள வேண்டும். 1942இல் நியூயார்க்கில் தம் காட்சிக்கூடத்தைத் திறந்தபோது, கலைச் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைம் ஒரு காதில் அணிந்திருந்தது கால்டர் செய்த தோட்டைத்தான்.

மறுமொழி: வலைப்பின்னல்

நான் ரூத் அசாவாவையும் சேர்ப்பேன். அவர் நகைக் கலைஞர் அல்லர், சிற்பி. ஆயினும் கம்பியை அவரளவுக்குப் புரிந்துகொண்டவர் அரிது. 1947இல் மெக்சிகோவின் தொலூக்காவில் கம்பிக்கூடை முடைபவர்களிடம் கற்ற கண்ணிப் பின்னலைக் கொண்டே, ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய பெரிய தொங்கும் வடிவங்களைப் படைத்தார். கண்ணிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் வடிவம் விரியும், குறைத்தால் ஒடுங்கும். மெல்லிய கம்பியில் இதையே சிறிதாகப் பின்னினால், மணியை உள்ளே நிறுத்தும் கூடு கிடைக்கும்.

மறுமொழி: செம்புக்கம்பி

மிக்க நன்றி. இணைப்பை வெளியே காட்டலாம் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. பாசிமணிக்கு அப்படி யாரேனும் உண்டா?

மறுமொழி: ஊசிமணி

அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த ஜாய்ஸ் ஸ்காட். சிறந்த படைப்பாளிகளுக்கு வழங்கப்படும் மெக்ஆர்தர் நல்கையை 2016இல் பெற்றவர். தறியில்லாமல், ஊசியும் நூலும் கொண்டு, ஒவ்வொரு மணியையும் அண்டை மணிகளோடு கோத்து வாங்கும் பெயோட்டி தையலில் அவர் முழு உருவங்களையே எழுப்புகிறார். முகமும் கைகாலும் கொண்ட மாந்தர்கள் கழுத்தணியில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். இனவெறியும் வன்முறையும் அங்கே பேசப்படுகின்றன. கழுத்தில் அணியும் பொருள் இவ்வளவு கனமான செய்தியைத் தாங்கும் என்பதை எனக்குக் காட்டியவர் அவரே. இத்தையலைப் பழக, துளை அகன்ற சீரான சிறு மணிகளைப் பொறுக்கி எடுங்கள். ஒரே துளைக்குள் நூல் பலமுறை நுழைய வேண்டியிருக்கும்.