ஓய்வில் இருக்கும் கட்டை மேலே ஏறுமா? முழு விடையா, துப்பு மட்டுமா?

சாய்தளம்:
நேற்று நம் மன்றத்தில் ஒரு மாணவர் போட்ட இயற்பியல் கேள்வி இது. 5 கிகி கட்டை 30° சாய்தளத்தில் ஓய்வில் வைக்கப்பட்டிருக்கிறது. நிலை உராய்வுக் குணகம் (நகரும் முன்) 0.8, இயக்க உராய்வுக் குணகம் (சறுக்கும்போது) 0.6, புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி². கட்டையின் முடுக்கம் என்ன?

மாணவர் போட்டது: சரிவில் கீழே இழுக்கும் விசை 50 × சைன் 30° = 25 நியூட்டன். தளத்தை அழுத்தும் விசை 50 × கோசைன் 30° = 43.3 நியூட்டன், ஆகவே உராய்வு 0.8 × 43.3 = 34.6 நியூட்டன். மீதி 9.6-ஐ 5-ஆல் வகுத்தால் 1.9 மீ/வி², மேல்நோக்கி. "புத்தகத்தில் 0 என்று இருக்கிறது, அச்சுப்பிழையா?" என்று கேட்டிருந்தார்.

கணக்குப்புலி பத்து வரியில் முழு விடையையும் எழுதிக் கொடுத்துவிட்டார். அது கூடாது என்பது என் கட்சி. "யாரும் தொடாத கட்டை தானாக மேலே ஏறுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், பிழையை அவரே பிடித்திருப்பார். இப்போது விடை அவர் நோட்டில் இருக்கிறது, பிழை தலைக்குள் அப்படியே இருக்கிறது.

கணக்குப்புலி:
சார், உங்கள் கேள்விக்கு அவர் "ஏறாது" என்று பதில் போடுவார். அதற்கப்புறம்? தன் விடை விசித்திரமாக இருக்கிறது என்பது அவருக்கே தெரிந்துதான் அச்சுப்பிழையா என்று கேட்டார். 34.6 ஏன் தப்பு என்பதுதான் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவருக்குத்தான் அது துப்பு. தெரியாதவருக்கு இன்னொரு கேள்வி, அவ்வளவுதான்.

இது வெறும் என் அபிப்பிராயம் இல்லை. 1985-ல் ஸ்வெல்லர், கூப்பர் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் இயற்கணிதத்தில் இதைச் சோதித்தார்கள். தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள், தாங்களே முட்டி மோதிப் போட்டவர்களைவிடக் குறைந்த நேரத்தில் கற்றார்கள். அதே வகைக் கணக்கைப் பிறகு வேகமாகவும் குறைந்த பிழையோடும் போட்டார்கள். நீட் எழுதுகிற பிள்ளைக்கு 2025 முறைப்படி 180 நிமிடத்தில் 180 கேள்வி. அவரை ஏழு தடவை கேள்வி கேட்டு அலைக்கழிப்பது உதவி ஆகாது.

சாய்தளம்:
நீங்கள் சொன்ன அதே ஆய்வில், அமைப்பு மாறிய கணக்குகளில் அந்த அனுகூலம் தெரியவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் மாணவர் மாட்டிக்கொள்ளப்போவது சரியாக அங்கேதான்.

இதே கட்டை, கோணத்தை மட்டும் 45° ஆக்கிக் கேளுங்கள். டேன் 45° என்பது 1, அது நிலை உராய்வுக் குணகமான 0.8-ஐவிடப் பெரியது, ஆகவே சறுக்கும். சறுக்க ஆரம்பித்தபின் இயக்க உராய்வு: 10 × 0.707 × (1 − 0.6) = 2.83 மீ/வி². இந்த விடை வந்தால் புரிந்துவிட்டது என்று நம்பலாம். 1.41 வந்தால் நகர்ந்தபிறகும் 0.8-ஐயே போட்டிருக்கிறார். மறுபடி 0 வந்தால், "உராய்வு எப்போதும் எடை × சைன் கோணம்" என்று உங்கள் பத்து வரியிலிருந்து மனப்பாடம் செய்திருக்கிறார். மூன்று விடை, மூன்று வேறு மண்டை. முழு விடையைக் கொடுத்துவிட்டுப் போனால் இந்த மூன்றில் அவர் எது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அலகுபார்:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. சாய்தளம் அண்ணா, உங்க துப்புலயே ஓட்டை இருக்கு. கேள்வியில "ஓய்வில்" என்ற சொல் இருக்கிறதாலதான் விடை 0. அதே கட்டை ஏற்கெனவே கீழே சறுக்கிக்கிட்டு இருந்தா? இயக்க உராய்வு 0.6 × 43.3 = 26 நியூட்டன், கீழே இழுக்கிறது 25. முடுக்கம் சுமார் 0.2 மீ/வி², மேல்நோக்கி! கட்டை கீழே போகுது, வேகம் குறையுது, முடுக்கம் மேலே. "மேலே ஏறுமா?"ன்னு கேட்டு "ஏறாது"ன்னு சொல்ல வச்சா, முடுக்கம் மேல்நோக்கி வரவே கூடாதுன்னு அந்தப் பிள்ளை எடுத்துக்கும். திசைவேகத்தையும் முடுக்கத்தையும் குழப்பிக்கிறது ஏற்கெனவே பெரிய வியாதி. அதுக்கு நாமளே மருந்துக்குப் பதிலா தீனி போடக் கூடாது.

முக்கால்வாசி தொல்லை கேள்வி எழுதும் இடத்திலேயே ஆரம்பிக்குது. போட்டோ எடுக்கும்போது முதல் வரி வெட்டுப்பட்டு "ஓய்வில்" போயிடும். இன்னொண்ணு, 1/2எக்ஸ்னு தட்டச்சு பண்ணுவாங்க. எக்ஸ் 4-ன்னா அது 2-ஆ, 1/8-ஆ? அடைப்புக்குறி இல்லாம யாராலும் சொல்ல முடியாது. விடை எழுதுறதுக்கு முன்னாடி "கேள்வியை முழுசா எழுத்தில் போடுங்க, நீங்க போட்ட வரிகளையும் போடுங்க"ன்னு கேட்கணும். இந்த மாணவர் தன் வரிகளைப் போட்டதாலதான் பிழை 34.6-ல இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சுது.

பௌதிகம்_யாழ்:
அலகுபார் சொன்னதோடு சொற்பிரச்சினையையும் சேர்க்க வேண்டும். தளம் பொருளுக்குத் தரும் விசையைத் தமிழ்நாட்டில் "செங்குத்து விசை" என்கிறீர்கள். "செங்குத்து" என்றால் தளத்துக்குச் செங்கோணத்தில் என்றும் பொருள், நிலத்திலிருந்து நேர் மேலே என்றும் பொருள். அதனால் சாய்தளத்திலும் 50 நியூட்டன் என்றே எழுதுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு உராய்வின் உச்சம் 40 என்று வரும். இலங்கையில் நாங்கள் "செவ்வன் மறுதாக்கம்" என்போம், அதில் இந்தக் குழப்பம் குறைவு. மறுபக்கம், உங்கள் "முடுக்கம்" எங்கள் பிள்ளைகளுக்கு "ஆர்முடுகல்". உயர்தரம் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பு) படிக்கிற பிள்ளை ஆர்முடுகல் என்று கேட்டால் அதே சொல்லில் பதில் எழுதுங்கோ. சொல்லை மாற்றினால் வேறு ஏதோ கணியத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நினைக்கும்.

படம் இல்லாமல் எழுதும் விடை பாதி விடைதான். கட்டையைத் தனியே வரைந்து மூன்று அம்புக்குறி: எடை நேர் கீழே, செவ்வன் மறுதாக்கம் தளத்துக்குச் செங்கோணத்தில், உராய்வு தளத்தின் வழியே. உராய்வு அம்பின் பக்கத்தில் எண் போடாமல் விடுங்கோ.

சாய்தளம்:
அலகுபார் சொன்னது சரி. என் துப்பு தவறானது, திரும்பப் பெறுகிறேன். இப்படிக் கேட்டிருக்க வேண்டும்: "கட்டையை அசையாமல் நிறுத்த எத்தனை நியூட்டன் தேவை? 34.6 என்பது உராய்வு தருகிற அளவா, அதனால் தர முடிந்த உச்ச அளவா?" குணகம் × செங்குத்து விசை என்பது நிலை உராய்வுக்கு எல்லை மட்டும்தான். அந்த எல்லைக்குள் எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அது தரும். மாணவர் பிழை முழுவதும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது.

கணக்குப்புலி:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன். இது வெறும் துப்பு இல்லை, பாதி விளக்கம். 45° கேள்வியும் எனக்குப் பிடித்திருக்கிறது. என் விடையைத் திருத்திவிட்டேன்: மேலே யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன படம், அடுத்து நீங்கள் இப்போது எழுதிய அந்த இரண்டு கேள்வி, அதன்கீழ் முழுக் கணக்கு, கடைசியில் 45°-க்கு விடை இல்லாமல் கேள்வி மட்டும். டேன் கோணம் 0.8 ஆகும் இடம், அதாவது சுமார் 38.7° வரை கட்டை நகராது என்பதையும் சேர்த்திருக்கிறேன். 30°-க்கு மட்டும் பொருந்தும் விடை என்று யாரும் நினைக்கக் கூடாது.

சாய்தளம்:
38.7°-ஐ எடுத்துவிடுங்கள். அதைச் சொல்லிவிட்டால் 45°-ல் சறுக்குமா என்று மாணவர் யோசிக்கவே வேண்டாம், பார்த்தாலே தெரிந்துவிடும். "உராய்வு = 25 நியூட்டன்" என்ற வரியையும் மறைப்புக்குள் போடுங்கள், விரும்பினால் அவர் திறந்து பார்க்கட்டும்.

கணக்குப்புலி:
38.7-ஐ எடுத்துவிட்டேன், நியாயம்தான். 25-ஐ மறைக்க மாட்டேன். இதே சந்தேகத்தோடு ஆறு மாதம் கழித்துத் தேடி வருகிறவருக்கு நாம் பதில் சொல்ல இங்கே இருக்கமாட்டோம், அந்த வரிதான் இருக்கும்.

அலகுபார்:
மாணவர் இப்பதான் 45°-க்கு விடை போட்டிருக்கார். 1.41. சாய்தளம் அண்ணா, நீங்க பதில் எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?