ஒன்று, இரண்டு, மூன்று ஒரே அறையில்: முதல் வாரம் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

கேள்வி: ஈராசிரியர் பள்ளி, திருப்பூர் பக்கம்
ஒன்றாம் வகுப்பில் 7, இரண்டில் 8, மூன்றில் 9, ஆக 24 பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பில் இருவர் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள், தமிழ் தெரியாது. ஜூனில் பள்ளி திறந்ததும் ஒவ்வொருவராக எழுப்பி "என் பெயர்..." சொல்லவைப்பதுதான் வழக்கம். சின்னவர்கள் வாயே திறப்பதில்லை. திறக்கிறவர்களும் முன்னால் ஒருத்தி "பிரியாணி பிடிக்கும்" என்றால் வரிசையாக பிரியாணி என்றே சொல்கிறார்கள். தினம் அரை மணி நேரம் ஒதுக்கலாம். அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்? வட்டமாக உட்கார்ந்து, பெயர் சொல்லி நூலைக் கைமாற்றிப் பிடித்துக்கொள்ளும் நூல்கண்டு விளையாட்டு சரிப்படுமா?

பதில் 1: சாக்பீஸ்
டீச்சர், எழுப்பி நிற்கவைப்பதை முதல் வாரம் முழுக்க விட்டுவிடுங்கள். 24 பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒருவர் பேச 23 பேர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், ஆறாவது பிள்ளைக்குள் பாய் நூலை உருவ ஆரம்பித்துவிடுவார்கள்.

பெயர் அட்டையில் தொடங்குங்கள். ஒரு முழு சார்ட்டை 7 அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலமாக வெட்டினால் சரியாக 24 அட்டை கிடைக்கும். பெர்மனென்ட் மார்க்கரால் பெரிதாக எழுதுங்கள். சாதாரண ஸ்கெட்ச் பேனா ஈரக்கை பட்டதும் கரைந்துவிடும். பெயருக்குப் பக்கத்தில் பிள்ளையே ஒரு படம் வரையட்டும், குடை, ஆடு, பஸ் எதுவானாலும் சரி. எழுத்து தெரியாத பிள்ளை தன் அட்டையை அந்தப் படத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கும், அதனால் ஒரே படம் இரண்டு பேருக்கு வரக்கூடாது.

சுவரில் இரண்டு கயிறு கட்டுங்கள், ஒன்று 'வீடு', இன்னொன்று 'பள்ளி'. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சு உயரம் போதும். காலையில் வந்ததும் தன் அட்டையை வீட்டுக் கயிற்றிலிருந்து எடுத்துப் பள்ளிக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். யார் வரவில்லை என்பதை வகுப்பே சேர்ந்து பார்த்துச் சொல்லும். ஓட்டை போட்டு நூல் கோக்காதீர்கள், ஓரிரு நாளில் கிழிந்துவிடும்.

இன்னொன்று: சேர்க்கைப் பதிவில் 'தர்ஷினி' என்றிருக்கும், வீட்டில் 'பாப்பா'தான். கூப்பிட்டால் திரும்பியே பார்க்காது, காது கேட்கவில்லையோ என்று நமக்குச் சந்தேகம் வரும். பெற்றோர் கொண்டுவந்து விடும்போதே வீட்டுப் பெயரைக் கேட்டு, அட்டையின் பின்பக்கம் பென்சிலால் குறித்துவையுங்கள்.

பதில் 2: மைதானம்
நூல்கண்டு 24 பேருக்குச் சரிப்படாது. ஒருவர் இழுத்தால் எதிரில் இருப்பவர் கையில் சிக்கு விழும். ஐந்து வயதுப் பிள்ளை நூலை விரலில் சுற்றிக்கொள்ளும், இறுகினால் விரல் சிவந்து அழுகைதான். மூன்றாம் வகுப்பு 9 பேருக்கு மட்டும், உல்லன் நூல் 20 மீட்டர் வைத்துச் செய்யலாம். பிடிப்பது உள்ளங்கையில் மட்டும்.

எல்லோருக்குமானது பந்து. பழைய துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தே நல்லது, பிளாஸ்டிக் பந்து துள்ளி வெளியே ஓடும். 12 பேராக இரண்டு வட்டம், இரண்டிலும் மூன்று வகுப்பும் கலந்து உட்கார வேண்டும். யாருக்கு உருட்டுகிறோமோ அவர் பெயரைச் சொல்லிவிட்டு உருட்ட வேண்டும், எறியக் கூடாது. தெரியாவிட்டால் "உன் பேரு என்ன?" என்று கேட்டுக்கொள்ளலாம். கூட்டாளிகளுக்குள்ளேயே பந்து சுற்றும், அது கட்டாயம் நடக்கும். ஒருமுறை பந்து வாங்கியவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வைத்தால் சரியாகிவிடும்.

வெளியே 'பூப்பறிக்க வருகிறோம்' விளையாடவையுங்கள். இதைவிட நல்ல அறிமுக விளையாட்டு இல்லை என்பேன். ஒவ்வொரு முறையும் பறிக்கப்படும் பிள்ளை ஒன்று, பறிக்க வரும் பிள்ளை ஒன்று என இரண்டு பெயர்களை அணியே சேர்ந்து கத்தும். பேசாத பிள்ளையும் தன் பெயரை இத்தனை குரலில் கேட்கிறது. இருவரும் கைபிடித்து இழுப்பதில் தோற்றவர் எதிரணியில் சேர்ந்துவிடுவார், 'அவுட்' ஆகி ஓரத்தில் நிற்கும் பிள்ளையே கிடையாது. மண் தரையில் ஆடுங்கள், இழுப்பது அதே வகுப்புப் பிள்ளைகளுக்குள் இருக்கட்டும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒன்றாம் வகுப்புக் குழந்தையை இழுத்தால் முட்டி தேய்ந்துவிடும்.

பதில் 3: பாய்விரி
பிரியாணிப் பிரச்சினைக்கு: வாயால் கேட்காமல் காலால் பதில் வாங்குங்கள். தரையில் நான்கு வட்டம் போட்டு மாம்பழம், நுங்கு, வாழைப்பழம், கொய்யா என்று படம் வையுங்கள். கண்ணை மூடி யோசிக்கச் சொல்லி, கைதட்டியதும் போய் நிற்கவேண்டும். ஒரே வட்டத்தில் நிற்பவர்கள் பக்கத்திலிருப்பவரின் பெயரைக் கேட்டுக்கொள்வார்கள்.

"அப்பா என்ன வேலை?", "லீவுக்கு எங்கே போனாய்?" இரண்டும் வேண்டாம். அப்பா இல்லாத பிள்ளையும், எங்கேயும் போகாத பிள்ளையும் அந்த இடத்திலேயே சுருங்கிவிடும். "காலையில் உன்னை எழுப்புவது யார்?" என்றால் எல்லோரிடமும் பதில் உண்டு.

ஒடியா பிள்ளைகள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தால் தமிழ் வர நாளாகும், முதல் நாளே பிரித்தாலோ மிரளும். முதல் மூன்று நாள் ஒன்றாக, பிறகு ஆளுக்கொரு மூன்றாம் வகுப்புத் துணை. காலை உணவுக்குத் தட்டு எடுப்பது, கை கழுவுமிடம், கழிப்பறை எல்லாம் அந்தத் துணையே காட்டும். தண்ணீருக்கு அவர்கள் 'பாணி' என்பார்கள், அதை வகுப்பு முழுவதற்கும் சொல்லிவையுங்கள், தாகத்தோடு உட்கார்ந்திருக்காது. பெயரைப் பெற்றோர் சொல்வதுபோலவே சொல்லுங்கள். 'பிகாஷ்' என்றால் பிகாஷ்தான், பதிவில் விகாஷ் என்று எழுதியிருந்தாலும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைப்படி பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் குழுக்களை இந்த வாரம் தொடவேண்டாம். பாய் விரிப்பது, டஸ்டர் தட்டுவது, செடிக்குத் தண்ணீர் என்று வேலைக்குழுக்களை மூன்று வகுப்பும் கலந்து நால்வராகப் போடுங்கள். வேலை வாராவாரம் மாறலாம், குழு மாதம் முழுக்க மாறக்கூடாது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இரண்டு 'கவின்' இருக்கிறார்கள், அட்டையில் என்ன எழுதுவது?

பதில் 1: சாக்பீஸ்
இனிஷியல் போடுங்கள், கூப்பிடும்போதும் அதைச் சேர்த்தே கூப்பிடுங்கள். 'பெரிய கவின், சின்ன கவின்' மட்டும் வேண்டாம், ஐந்தாம் வகுப்பு வரை ஒட்டிக்கொள்ளும்.