ஏழு கல் தோட்டின் வைர சர்டிபிகேட்டைப் படிக்க உதவி வேண்டும்

வணக்கம். திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். தங்கச்சிக்குத் தை மாதம் கல்யாணம், ஏழு கல் வைரத்தோடு போட்டே ஆகவேண்டும் என்பது அம்மாவின் ரொம்ப நாள் ஆசை, அதனால் மதுரை தெற்காவணி மூல வீதியில் ரெண்டு கடை ஏறி இறங்கிவிட்டோம்.

முதல் கடையில் காதுக்கு ஏழாக 14 கல்லுக்கும் சேர்த்து ஒரே சர்டிபிகேட். மொத்தம் 1.40 கேரட், அதாவது கல் ஒன்று சராசரியாக 10 சென்ட். கலர் ஈ-எஃப் (நிறமே இல்லாத வகை), கிளாரிட்டி விவிஎஸ் (லென்ஸில்கூடக் கஷ்டப்பட்டுத்தான் தெரியும் நுண்ணிய குறை) என்று பெரிதாகப் போட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் 'நகையில் பதித்த நிலையில் பார்த்த தரம்' என்று இருக்கிறது. தோட்டின் பின்பக்கமோ முழுக்கத் தங்கத்தால் மூடியிருக்கிறது. அப்படி இருக்கும்போது அந்தத் தரத்தை எவ்வளவு நம்பலாம்?

அடுத்த கடையில் மூக்குத்திக்கு ஒற்றைக்கல், 30 சென்ட், ஜிஐஏ (வைரத்தைத் தரம் பிரிக்கும் அமெரிக்க நிறுவனம்) ரிப்போர்ட்டோடு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரில் பொறித்த நம்பர் தெரிகிறது, ஜிஐஏ தளத்தில் போட்டுப் பார்த்தேன், எடை, அளவு எல்லாம் ஒத்துப்போகிறது. கட் எக்ஸலன்ட், கலர் ஹெச் (ஈ-எஃப்பைவிடக் கொஞ்சம் கீழே), ஆனால் ஃபுளோரசன்ஸ் மீடியம் ப்ளூ, அதாவது புற ஊதா ஒளியில் கல் நடுத்தர அளவில் நீலமாக ஒளிரும். இதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாமா?

அப்புறம், சின்னக் கல் எல்லாமே இயற்கை வைரம்தானா, லேபில் வளர்த்தது கலந்திருக்கிறதா என்று மதுரையில் எங்கே சோதித்துக் கொடுப்பார்கள்? சனிக்கிழமை முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், விவரம் தெரிந்த அண்ணன், அக்கா யாராவது அதற்குள் சொல்லுங்கள்.