கஜா வந்த இரவு: எங்கள் வீட்டில் நடந்தது

வேதாரண்யத்திலிருந்து:

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. காற்று மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். கூரை வீட்டில் இருந்த சித்தப்பா குடும்பத்தைச் சாயங்காலமே எங்கள் மாடி வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம்.

வடக்கிலிருந்து அடித்த காற்று திடீரென்று நின்றது. எல்லாரும் முடிந்தது என்றே நினைத்தோம். "மாட்டைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சித்தப்பா டார்ச்சை எடுத்தார். அப்பாயி கதவை மறித்து உட்கார்ந்துவிட்டார். 1977 புயலைப் பார்த்தவர் அவர். "திரும்பி அடிக்கும்டா, உட்காரு" என்றார். புயலின் கண், அதாவது நடுவில் காற்று அடங்கிய பகுதி, எங்களைக் கடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து முன்னைவிட மோசமாக அடித்தது. வடக்குக் காற்றுக்குத் தப்பி நின்ற வேப்பமரம் அப்போதுதான் சாய்ந்தது, மாட்டுக்கொட்டகைக்குப் போகும் வழியிலேயே. குழந்தைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்: காற்று நின்றால் வெளியே போகக் கூடாது. மாட்டைச் சாயங்காலமே அவிழ்த்துவிடுங்கள்.

பேராவூரணியிலிருந்து:

அண்ணே, அப்பாயி நல்லா இருக்கணும். எங்கள் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் போச்சு, அதை எழுதினால் மனசு தாங்காது. தண்ணீர் பற்றி மட்டும் சொல்கிறேன். மின்கம்பங்கள் வயலெங்கும் விழுந்து கிடந்தன. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. கரண்ட் இல்லையென்றால் போர்வெல் மோட்டார் ஓடாது, குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. தெருவே சேர்ந்து ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, டீசல் காசைப் பங்கு போட்டு, வீடு வீடாக டேங்க் நிரப்பினோம். ஜெனரேட்டர் வருகிற வரைக்கும் எங்களைக் காப்பாற்றியது தெருமுனை அடிபம்புதான். இப்போது ஐப்பசி பிறந்தால் முதல் வேலை அதற்கு வாஷர் மாற்றுவது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே டேங்க், அண்டா, குடம் எல்லாம் நிரப்பிவிடுவோம்.

முத்துப்பேட்டையிலிருந்து:

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. ஃபிரிட்ஜ் ஓடாததால் அம்மாவின் இன்சுலினை டப்பாவில் போட்டு, தண்ணீர் உள்ளே போகாமல் மூடி, ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் வைத்தோம். டவரும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. மதுரையில் இருக்கும் அக்கா நம்பர் யாருக்கும் மனப்பாடமில்லை, ரேஷன் கார்டின் பின்பக்கம் அப்பா எழுதி வைத்திருந்ததால் கிடைத்தது. கார்டு, பட்டா, பாஸ்புக் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி அரிசி டிரம்முக்குள் போட்டிருந்தார்.