தையலை மட்டும் நக்கிய செவலை: மாட்டுக்கும் நம்மைப் போல மனசு வலிக்குமா?

செவலை_தாராபுரம்

மாடு கட்டியிருந்த வீட்டுக்காரர்களுக்குத் தோல்கன்று (செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துச் செய்த பொம்மைக் கன்று) என்றால் என்னவென்று தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1993, தாராபுரம் பக்கம் அம்மாயி வீடு. செவலை ஈன்ற ஒன்பதாம் நாள் கன்று கழிச்சலில் செத்துப்போனது. அன்று சாயங்காலமே மாடு பாலை எக்கிக்கொண்டது. மடி கல்லாகக் கனத்துக் கிடக்கிறது, காம்பில் ஒரு சொட்டு இறங்கவில்லை. தோல் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து கன்றை உரித்து, உப்பும் மஞ்சளும் தேய்த்துக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்து, விலாப்பக்கம் கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தார். கால்களுக்கு நான்கு குச்சிகள். கண் இருந்த இடத்தில் ஓட்டை.

அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக்கு முன்னால் நிறுத்துவது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது. செவலை மோந்து பார்த்துவிட்டு நக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பால் இறங்கி, அம்மாயியின் செம்பில் சர் சர்ரென்று சத்தம் கேட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் அது தலையை நக்கவில்லை, முதுகை நக்கவில்லை. தையல் போட்ட இடத்தை மட்டும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, திரும்பத் திரும்ப, நூல் ஊறிக் கறுக்கும்வரை நக்கியது. காயத்தை நக்குகிற மாதிரியே. நான்கு மாதம், தினம் இரண்டு வேளை. தன் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அதற்குத் தெரிந்திருந்ததா? முப்பது வருஷம் ஆகிறது, எனக்குப் பதில் கிடைக்கவில்லை. உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

வேளச்சேரி_வாசி

என்னுடையது சின்ன விஷயம். எங்கள் நாய் பிஸ்கட், ஆறு வயது நாட்டு நாய். ஒருநாள் அலுவலகத்திலிருந்து வந்தால் கூடத்தில் தலையணை கிழிந்து பஞ்சு பறந்து கிடந்தது. நான் கத்தினேன். பிஸ்கட் காதை மடக்கி, வாலை உள்ளே சுருட்டி, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய என்னைப் பார்த்தது. 'பார், செய்ததற்கு எப்படி வெட்கப்படுகிறது' என்று சொல்லி பால்கனியில் கட்டிவிட்டேன். ராத்திரி சாப்பிடும்போது மகன் அழுதுகொண்டே சொன்னான், தலையணையைக் கிழித்தது அவன்தானாம்.

அப்புறம்தான் படித்தேன். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் 2009இல் இதையே சோதித்து எழுதியிருக்கிறார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தம் இல்லை. நாம் திட்டினால் அந்த முகம் வருகிறது, தப்பே செய்யாத நாய்க்கும் வருகிறது. ஆக நான் வெட்கம் என்று நினைத்தது பயம். பிஸ்கட் இப்போது இல்லை. பால்கனிக் கதவைத் திறந்தபோது அது ஓடிவந்து என் கையை நக்கியதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்

செவலை தம்பி, வருத்தப்படாமல் கேளுங்கள். தோலில் உப்பு தேய்த்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தையல் ஓட்டை வழியாக உப்பு கசிந்து அங்கேதான் சேரும். மாட்டுக்கு உப்பு என்றால் உயிர். அது உப்பை நக்கியது, நீங்கள் சோகத்தைப் பார்த்தீர்கள். வேளச்சேரி நண்பர் எழுதியதும் இதுதான். நம் மனசில் இருப்பதை விலங்கின் முகத்தில் ஒட்டிவிடுகிறோம்.

எனக்கும் ஒன்று இருக்கிறது. அடைக்கோழிக்கு வாத்து முட்டை வைப்போமே, அப்படி எங்கள் வீட்டிலும் வைத்தோம். பொரித்த நாலாம் நாள் குஞ்சுகள் எல்லாம் கிணற்றடிக் குட்டையில் இறங்கிவிட்டன. கோழி கரையில் இறக்கையை விரித்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடிக் கத்துகிறது. கடைசியில் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. வயிறு நனையும்வரை போய் நின்றது. தண்ணீருக்குப் பக்கத்திலேயே போகாத கோழி அது. அதைப் பாசம் என்று என் மனைவி சொன்னாள். உடம்பில் ஊறிய பழக்கம் என்று நான் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்த நனைந்த வயிறு கண்ணுக்குள் நிற்கிறது.

கால்நடை_மருத்துவன்

சிகிச்சை வேலையில் 22 வருஷம். தோல்கன்று பற்றிச் சொல்ல வேண்டும். கன்று முட்டும்போது, நக்கும்போது, சிலசமயம் அதன் வாசனை பட்டாலே மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து ரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. பால் பைகளைச் சுற்றியுள்ள தசை அதனால்தான் சுருங்கிப் பாலைத் தள்ளுகிறது. மாடு பயந்தாலோ மிரண்டாலோ அட்ரினலின் என்ற இன்னொரு ஹார்மோன் குறுக்கே நின்று அதைத் தடுத்துவிடும். 'எக்கிக்கொண்டது' என்று நாம் சொல்வது இதைத்தான். ஜெர்சி கலப்பு மாடு கன்று இல்லாமலேயே பழகிவிடும், நாட்டு மாட்டுக்குக் கன்று பக்கத்தில் வேண்டும்.

இப்போது யார் வீட்டிலாவது கன்று செத்திருந்தால் தோல்கன்றுக்குப் போகாதீர்கள், புழு வைக்கும், நோய் பரவும். தினம் ஒரே ஆள், ஒரே நேரத்தில் கறக்க வேண்டும். மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, கையால் நன்றாக நீவிவிடுங்கள். கறக்கும் நேரத்தில் மட்டும் தவிடும் புண்ணாக்கும் வையுங்கள். நாய், புது ஆள், கைபேசிச் சத்தம் எதுவும் கிட்டே கூடாது. பொறுமையாக இருந்தால் சில நாளில் விட்டுக்கொடுக்கும். அப்புறம், கடையில் லேபிள் இல்லாத குப்பியில் வருகிற ஊசி மருந்தைத் தொடவே தொடாதீர்கள். பால் சுரக்க வைப்பதற்காக மாட்டின் உடம்புக்குக் கெடுதலான எதையும் ஊசி போடுவது 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 12ஆம் பிரிவின்படி குற்றம். தினம் ஊசி வாங்கிப் பழகிய மாடு பிறகு கைக்கு இறங்காது. இதை எத்தனை தொழுவத்தில் சொல்லியிருக்கிறேன்!

ஃபிட்டர் ஐயா, உப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஹார்மோன் என்று சொல்லிவிட்டால் உணர்ச்சி இல்லை என்று ஆகிவிடாது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் அதே ஆக்ஸிடோசின்தான் சுரக்கிறது. அதனால் அவர்கள் பாசம் பொய்யா?

இன்னொன்று. நாட்டிங்ஹாம், லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாடும் கன்றும் கத்துவதைப் பதிவு செய்து பார்த்தார்கள். கன்று பக்கத்தில் இருந்தால் வாயை மூடியபடி அடித்தொண்டையில் தணிவாகக் குரல் கொடுக்கும். கன்று கண்ணில் படாவிட்டால் வாயைத் திறந்து உரக்கக் கத்தும். செவலை எப்படிக் கத்தியது என்று ஞாபகம் இருக்கிறதா தம்பி?

வால்பாறை_தோட்டம்

ஃபிட்டர் ஐயாவுக்கு. 2018இல் அமெரிக்காவின் வாஷிங்டன் கரையோரம் ஓர்க்கா திமிங்கிலம் ஒன்று செத்த குட்டியை 17 நாள் தலையில் தாங்கிக்கொண்டு நீந்தியதே, அதில் எந்த உப்பு? ஆய்வாளர்கள் அதற்கு ஜே35 என்று எண் வைத்திருக்கிறார்கள். குட்டி நழுவி மூழ்கும்போதெல்லாம் முங்கிப் போய் எடுத்துவந்தது. வடக்கு வங்காளத் தேயிலைத் தோட்டங்களில் யானைகள் செத்த குட்டிகளைப் பாசன வாய்க்கால் குழியில் கால் மேலே இருக்கும்படி போட்டு மண் மூடியதை 2024இல் எழுதியிருக்கிறார்கள், ஐந்து குட்டிகள்.

நான் பார்த்தது ஒன்றே ஒன்று. எங்கள் தோட்டத்து டிவிஷனில் ஒரு யானைக்குட்டி செத்துக் கிடந்தது. தாய் ஒரு பகல் ஒரு ராத்திரி நகரவில்லை. வனத்துறை ஆட்களோடு நாங்கள் லைன் வீட்டு மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அது சில்வர் ஓக் கிளையை ஒடித்து எடுத்துக் குட்டியின் முகத்தில் மொய்த்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தது. தன்மேல் மொய்த்த ஈயை விட்டுவிட்டது. என்கூட நின்ற அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்

வால்பாறைத் தம்பி, விலங்குக்கு உணர்ச்சியே இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நம்மைப் போலவா என்பதுதான் கேள்வி. என் தம்பி செத்தபோது, அடுத்த பொங்கலுக்கு அவன் வரமாட்டான் என்று நினைத்து அழுதேன். யானை அடுத்த பொங்கலை நினைக்குமா? அதற்குத் துக்கம் இருக்கலாம். அது என் துக்கம்தான் என்று எப்படிச் சொல்வது? ஈ விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

செவலை_தாராபுரம்

டாக்டர் கேட்டதற்குப் பிறகு இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

உப்பாக இருக்கலாம் ஐயா, மறுக்க முடியவில்லை. ஆனால் குரல் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் தோல்கன்றைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துப் படலைத் தாண்டும்போதே, நாக்கு படுவதற்கு முன்னாலேயே, வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று ஆரம்பித்துவிடும். கன்று உயிரோடு இருந்தபோது கேட்ட அதே குரல். நான்கு மாதமும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அதை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் தோல் புழு வைத்துவிட்டது. அம்மாயி குப்பைக்குழியில் போட்டு மூடச் சொன்னார், மூடினேன். அன்று சாயங்காலம் வெறுங்கையோடு படலைத் தாண்டினேன். செவலை கழுத்தை நீட்டி எனக்குப் பின்னால் பார்த்தது. அப்புறம் வாயைத் திறந்து கத்தியது. மூன்று நாள் கத்தியது, தெருமுனைவரை கேட்டது. நாலாம் நாள் நான் உள்ளே போனபோது தலையைத் தூக்கவில்லை, வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது. பாலும் அதோடு வற்றிவிட்டது.