ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வங்கித் தளம் தவறான ஐபிக்குப் போகிறது

கேள்வி:
விண்டோஸ் 10 டெஸ்க்டாப். அதே வைஃபையில் இருக்கும் போனிலும் லேப்டாப்பிலும் வங்கித் தளம் ஒழுங்காகத் திறக்கிறது. டெஸ்க்டாப்பில் மட்டும், எந்த பிரவுசரில் திறந்தாலும் சான்றிதழ் எச்சரிக்கை. என்எஸ்லுக்அப் கட்டளை தளத்தின் சரியான ஐபியை (இணைய முகவரி எண்ணை) காட்டுகிறது. பிங் கொடுத்தால் சம்பந்தமே இல்லாத ஐபி. விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் ஐபிகளை (கேஷை) காலி செய்யும் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் கொடுத்தும் மாறவில்லை. ரவுட்டரை ரீசெட் செய்யலாமா?

பதில் 1:
வேண்டாம், ரவுட்டர் மேல் தவறில்லை. என்எஸ்லுக்அப் நேராக டிஎன்எஸ் சர்வரை, அதாவது தளப் பெயருக்கு ஐபி சொல்லும் சர்வரைக் கேட்கும். எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று கம்ப்யூட்டரிலேயே எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் விண்டோஸ் கேஷையும் பார்க்காது. பிங் அவற்றைத்தான் முதலில் பார்க்கும். கேஷைக் காலி செய்தும் போகவில்லை என்றால் ஹோஸ்ட்ஸ் ஃபைல்மேல்தான் சந்தேகம்: அதிலுள்ள வரிகளை விண்டோஸ் உடனே மறுபடி கேஷில் ஏற்றிவிடும்.

நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\டிரைவர்ஸ்\இடிசி ஃபோல்டருக்குப் போங்கள். 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால்தான் ஹோஸ்ட்ஸ் கண்ணில் படும்; அதற்கு எக்ஸ்டென்ஷன் கிடையாது. விண்டோஸோடு வரும் ஃபைலில் லோக்கல்ஹோஸ்ட் (இதே கம்ப்யூட்டரைக் குறிக்கும் பெயர்) வரிகூட # போட்டுத்தான் இருக்கும்; # போட்ட வரியை விண்டோஸ் கண்டுகொள்ளாது. # இல்லாத வரி பிறகு சேர்ந்தது. டாக்கர் போன்ற சில மென்பொருள்களும் சேர்க்கும் என்பதால், வங்கிப் பெயர் உள்ள வரியை மட்டும் எடுங்கள். முதல் திரையோடு நிறுத்தாதீர்கள்: நிறைய வெற்று வரி விட்டு அடியில் ஒளித்து வைப்பார்கள். கன்ட்ரோல்+எண்ட் அழுத்திப் பாருங்கள், வலப்பக்கமும் நகர்த்திப் பாருங்கள்.

பதில் 2:
சேமிக்கும்போது பெயர் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி ஆகிவிட்டால் பழைய ஃபைல் அப்படியே இருக்கும், கவனம். ஃபைல் சுத்தமாக இருந்தால் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) டிசிபிஐபி\பாராமீட்டர்ஸ் கீழே 'டேட்டாபேஸ்பாத்' மதிப்பைப் பாருங்கள். அது மேலே சொன்ன இடிசி ஃபோல்டரைக் காட்ட வேண்டும். வேறு இடம் இருந்தால் விண்டோஸ் படிப்பது அங்கே கிடக்கும் ஹோஸ்ட்ஸை.

கேட்டவர்:
கீழே, வெற்று வரிகளுக்கு அப்பால் இருந்தது. நீக்கி, கேஷைக் காலி செய்ததும் பிங் சரியானது. ரீஸ்டார்ட் செய்தால் அந்த வரி திரும்ப வந்துவிடுகிறது.

பதில் 1:
அப்படியென்றால் எழுதும் நிரல் உள்ளே இருக்கிறது. ஹோஸ்ட்ஸ் ஃபைலுக்கு ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) போட்டுப் பயனில்லை. அட்மின் உரிமை உள்ள நிரல் அதை நொடியில் கழற்றும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தேடும். வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் லாகானின்போது ஓடும் தெரியாத வேலைகளையும் பாருங்கள். வங்கிக் கடவுச்சொல்லை இப்போதே போனிலிருந்து மாற்றிவிடுங்கள். எச்சரிக்கையைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்தில் எதையாவது தட்டச்சு செய்திருந்தால் வங்கிக்கும் சொல்லுங்கள்.