இரை மேல் சிங்கச் சண்டை: ஒரு முகம் கூர்மை, இன்னொன்று மங்கல். எதை மாற்றணும்?

காட்பாடி_கேமரா:
ஆகஸ்ட் கடைசி வாரம் கென்யா, மசாய் மாரா. ஆறு நாள் சஃபாரி. இரை மேல் சிங்கங்கள் ஒன்றையொன்று சீறி அடித்துக்கொள்ளும் படம்தான் குறி. படுத்துத் தின்னும் படம் வேண்டாம். கையில் 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (அளவில் சின்ன சென்சார்) மிரர்லெஸ் கேமரா, 150-600 எம்.எம். ஜூம் லென்ஸ், யூ.எச்.எஸ்.-1 வகை மெமரி கார்டு. பாலாற்று மணலில் தெருநாய்ச் சண்டையில் ஒத்திகை பார்த்தால் (600 எம்.எம். ஜூம், லென்ஸ் திறப்பு எஃப் 6.3, ஷட்டர் வேகம் 1/1000 விநாடி) மூன்று கோளாறு. ஒரு முகம் கூர்மை, மற்றது மங்கல். ஓங்கின கால் ஃபிரேமுக்கு வெளியே. சண்டை உச்சத்துக்கு வரும்போது கேமரா திணறி நின்றுவிடுகிறது. எதை மாற்றணும்? இதே படம் குஜராத்தின் கிர் காட்டில் கிடைக்குமா? செலவு பாதிக்குமேல் மிச்சமாகும்.

பாலாறு_பருந்து:
முதல் இரண்டு கோளாறுக்கும் காரணம் 600 எம்.எம்.தான். மாராவில் வண்டிக்கும் விலங்குக்கும் 25 மீட்டர் இடைவெளி விடணும் என்பது விதி. அந்தத் தூரத்தில் உங்க சென்சாரில் 600 வைத்தால் ஃபிரேம் அகலம் 98 செ.மீ. ஒரு பெண் சிங்கத்தின் தலையும் தோளும் வந்ததுமே இடம் தீர்ந்தது. அடிக்கிற கையும் அடி வாங்குகிற முகமும் எங்கிருந்து உள்ளே வரும்?

கூர்மையின் ஆழம் (முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் தூரம்) எஃப் 6.3-இல் சுமார் 45 செ.மீ. இரைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நின்றால் முகத்துக்கு முகம் ஒரு மீட்டர் இருக்கும். எஃப் 11 வரை மூடினாலும் 75 செ.மீ.யைத்தான் தொடும். லென்ஸை 250-க்குக் கொண்டுவந்து எஃப் 8 வையுங்க. அகலம் 2.3 மீட்டர், ஆழம் 3 மீட்டர். இரண்டு தலை, ஒரு கை, கொஞ்சம் இரை அடங்கிவிடும். பிறகு பாதியை வெட்டி எறிந்தாலும் 12 மெகாபிக்சல் மிஞ்சும், ஏ4 அச்சுக்கு அது தாராளம்.

சீறும் முகத்துக்கு 1/800 போதும். ஓங்கின கைக்கு 1/2000-க்குக் கீழே போனால் நகம் கோடாக இழுக்கும். ஆனால் சூரியன் தலைகாட்டுகிற நேரத்தில் எஃப் 8, 1/2000 கேட்டால் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன், ஏற ஏறப் படம் புள்ளி புள்ளியாகும்) 12800-க்குப் போய் நிற்கும். அப்போது எஃப் 5.6, 1/1000 என்று இறங்கி 3200-இல் எடுங்க. கையை விட்டுவிட்டு முகத்தைப் பிடியுங்க. வெளிச்சம் ஏறினதும் மாற்றிக்கலாம்.

மூன்றாவது கோளாறு கார்டு. விநாடிக்கு 15 படம், படத்துக்கு 28 எம்.பி. என்றால் 420 எம்.பி. உள்ளே வருது. யூ.எச்.எஸ்.-1 கார்டு எவ்வளவு நல்லதானாலும் கேமராவில் விநாடிக்கு 104 எம்.பி.யைத் தாண்டாது. அண்டாவில் ஊற்றி ஊசித்துளையில் வடிக்கிற கணக்கு. உங்க கேமராவின் கார்டுத் துளை யூ.எச்.எஸ்.-2 (அடுத்த வேக வகை) ஏற்குமானால் வி90 கார்டு (விநாடிக்கு 90 எம்.பி.க்குக் குறையாமல் எழுதும்) வாங்குங்க. ஏற்காவிட்டால் சுருக்கப்பட்ட ரா (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்) வைத்து, ஒரு விநாடிக்கு மேல் விரலை அழுத்தியே வைக்காதீங்க.

வள்ளிமலை_வெயில்:
பருந்து அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் விரலை எப்போ அழுத்துவது என்று தெரியாவிட்டால் வி90 கார்டும் வீண். சிங்கங்களின் இந்தச் சண்டை ஒவ்வொன்றும் இரண்டு மூன்று விநாடிதான். பார்த்துவிட்டு அழுத்தினால் முடிந்துபோன சண்டைதான் பதியும்.

முதலில் இரையின் அளவைப் பாருங்க. காட்டெருமை, வைல்டுபீஸ்ட் மாதிரி பெரிய உடல் என்றால் வயிறு, தொடை, கழுத்து என்று ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொண்டு தலை குனிந்துவிடும். உறுமல் கேட்கும், அடி குறைவு. காட்டுப்பன்றி, சின்ன கசெல் மான் மாதிரி பங்கு போட முடியாத இரையில்தான் நிஜமான இழுபறி. சில நிமிடத்தில் முடிந்தும் போகும். பெரிய இரையிலும் மூன்று நேரத்தில் கேமராவைக் கண்ணை விட்டு எடுக்கக் கூடாது: கொன்ற முதல் பத்து நிமிடம், ஆண் சிங்கம் தூரத்திலிருந்து நடந்து வரும்போது, ஒரு தொடை பிய்ந்து தனியாக வரும்போது.

அடுத்தது காது. சிங்கத்தின் காதுக்குப் பின்புறம் கறுப்புத் திட்டு உண்டு. கோபத்தில் காதைத் திருப்பும்போது அந்தக் கறுப்பு முன்பக்கமாகவே தெரியும். தலையைத் தூக்காமல், கறியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும். உறுமல் மூச்சு விடும்போதெல்லாம் ஒரு படி ஏறும். மேலுதடு சுருங்கி மூக்கின் மேல் மடிப்பு விழுந்தால் அழுத்திவிட வேண்டியதுதான். கோரைப்பல் தெரியட்டும் என்று காத்திருந்தால் தாமதம்.

ஃபோகஸில் ஒரு மாற்றுக் கருத்து. நாலைந்து தலை நெருக்கியடித்தால், விலங்கின் கண்ணைத் தானே தேடும் ஃபோகஸ் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும், நடுவில் புல் நுனியையும் பிடிக்கும். அதை அணைத்துவிட்டு ஃபோகஸுக்குச் சின்ன மண்டலம் வையுங்க, ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து கேமராவின் பின்பொத்தானுக்கு மாற்றுங்க, தாவும் வேகத்தைக் குறைத்து வையுங்க. நம்மைப் பார்த்துக் காதைத் திருப்பியிருக்கும் சிங்கத்தின் மேல்தான் புள்ளி நிற்கணும், அடி வாங்கப்போவதன் மேல் அல்ல. முதுகைக் காட்டும் சிங்கம் எவ்வளவு கோபமாக இருந்தாலும் படத்தில் மூட்டைதான்.

ஜவ்வாது_நிழல்:
கிர் பற்றி. 2025 கணக்கெடுப்பில் கிரும் சுற்றியுள்ள குஜராத் பகுதிகளும் சேர்த்து 891 ஆசியச் சிங்கங்கள், ஆகவே சிங்கம் தெரிய வாய்ப்பு நன்றாகவே இருக்கு. இரைச் சண்டை வேறு விஷயம். அங்கே ஆண்கள் தனியாகவும் பெண்கள் குட்டிகளோடு தனியாகவும் திரியும். ஒரே இரையில் பெரிய கூட்டம் சேர்வது குறைவு. இரையும் பெரும்பாலும் புள்ளிமான், சீக்கிரம் தீர்ந்துவிடும். பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது, நடுவில் தேக்கு மரம் நின்றால் நின்றதுதான். ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடியிருக்கும், உங்க ஆகஸ்ட் அங்கே பலிக்காது.

இன்னொன்று. "கன்றுக்குட்டி கட்டிச் சிங்கத்தை வரவழைக்கிறோம், சண்டையே காட்டுகிறோம்" என்று தனியார் தோட்டப் பக்கம் யாராவது கிசுகிசுத்தால் ஒதுங்கிவிடுங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

மாராவிலும் ஒரே இடத்தில் ஐந்து வண்டிதான் நிற்கலாம். இரைக்கும் புதருக்கும் நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்லாதீங்க. குட்டிகள் பெரும்பாலும் அந்தப் புதரிலிருந்துதான் வரும். வழி மறித்தால் வராது, நீங்க கேட்ட இழுபறியும் நடக்காது. சூரியன் முதுகுப் பக்கம், காட்சி கண்மட்டம், எஞ்சின் அணைப்பு, இந்த மூன்றை மட்டும் ஓட்டுநரிடம் கேளுங்க. கூரைத் திறப்பில் நின்று மேலிருந்து எடுத்தால் முகம் இருக்கும் இடத்தில் முதுகுதான் தெரியும். ஜன்னலில் எடுங்க. ஒன்பதரைக்கு மேல் புல்வெளியில் கானல் எழும். அதற்கு எந்த லென்ஸிலும் மருந்து கிடையாது.

காட்பாடி_கேமரா:
நன்றி அண்ணன்மாரே. சத்தம் வராமல் இருக்க எலக்ட்ரானிக் ஷட்டர் வைக்கலாமா? ஒத்திகைக்கு நாயைத் தவிர வேறு என்ன?

பாலாறு_பருந்து:
எலக்ட்ரானிக் ஷட்டரில் உங்க வகை சென்சார் படத்தை மேலிருந்து கீழாக மெதுவாகப் படிக்கும். வீசின கை ரப்பர் மாதிரி வளைந்து பதியும். மெக்கானிக்கல் வையுங்க. தின்கிற சிங்கம் ஷட்டர் சத்தத்தைப் பொருட்படுத்தாது.

ஒத்திகைக்குச் சோளிங்கர் மலைப்படி. பிரசாதத் தேங்காய் மேல் குரங்குகள் அடித்துக்கொள்வதில் பல், காது, ஓங்கின கை எல்லாம் உண்டு, வேகமும் அதிகம். அதைப் பிடித்தால் சிங்கம் சுலபம். நீங்களாக எதுவும் போடாதீங்க, பையில் தின்பண்டமும் வைக்காதீங்க. குரங்கு 10 மீட்டரில் இருந்தால் 150 எம்.எம். போதும்.

வள்ளிமலை_வெயில்:
ஜன்னலில் லென்ஸைத் தாங்கும் பீன் பேக்கை (தானியம் நிரப்பின பை) கடையில் வாங்கவேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் துண்டு எடைக்குக் கிடைக்கும். அடிப்பக்கம் சொரசொரப்புத் தோல், மேல்பக்கம் காடா துணி, 35-க்கு 25 செ.மீ., ஒரு ஓரம் ஜிப். வெறும் பையாகக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பீன்ஸோ மூன்று கிலோ போடுங்க. முக்கால் பங்குதான் நிரப்பணும். முழுக்க அடைத்தால் லென்ஸ் உருளும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்காதீங்க. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் நாள் கேட்டுக்கொண்டு போங்க. பயணத்துக்குப் பத்து நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.